முப்பிடாதி முகத்தில் முளைத்த உபயம்

வன்னியூரில் வெளிச்சத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அங்கே அம்மன் கோயில் மண்டபத்தில் தொங்குகிற டியூப்லைட் ஒவ்வொன்றிலும் ‘உபயம்’ என்று சிவப்புப் பெயின்டில் ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அவரைப் பெற்றவர் பெயர், அவர் கடையின் பெயர், கடை இருக்கிற தெரு, தெருவுக்குள் நுழைந்தால் எந்தக் கைப்பக்கம் என்பது வரை எழுதி முடித்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எங்கேயாவது சந்து கிடைத்தால் அந்தச் சந்து வழியாக மட்டும் வெளிச்சம் பயந்து பயந்து எட்டிப் பார்க்கும். ஆகையால் டியூப்லைட் கூடக் கூட மண்டபத்தில் இருட்டும் கூடியது. பூசாரி டார்ச்லைட் அடித்துத்தான் அம்மனுக்குப் பொட்டு வைத்தார். அந்த டார்ச்லைட்டிலும் ஒரு பெயர் இருந்தது. ஃபேன் இறக்கையில் பெயர் எழுதியவர்கள், அது சுற்றும்போது பெயர் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்ததால், கோயிலில் ஃபேன் போடுகிற வழக்கமே நின்றுபோனது. பிணம் வைக்கிற கண்ணாடிப் பெட்டியில்கூட, செத்தவர் முகத்துக்கு நேர் மேலே நற்பணி மன்றச் செயலாளரின் பெயர் இருக்கும். துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அவரை வாசித்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், பல்கலைக்கழகத்தின் கல்விக் கொடைத் திட்டத்தில் உதவி வாங்கிய ஒரு பெண்ணின் கன்னத்தில், கொடுத்தவரின் பெயர் ஒருநாள் காலையில் தானாக முளைத்திருந்தபோது, இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுத்து ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

அந்தப் பெண் முப்பிடாதி. மேற்கே மலையடிவாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிற செல்லக்கனிக்கு ஒரே மகள், அம்மா இலை வெட்டுகிற கத்தரிச் சத்தத்தைத் தாளமாக வைத்து வாய்ப்பாடு படித்தவள், எம்.எஸ்ஸி. புள்ளியியலில் சேர்ந்த முதல் பருவத்திலேயே வகுப்பில் முதலாவதாக வந்தவள். ஓடுகிற குதிரையின் மேல்தானே பந்தயம் கட்டுவார்கள்? கொடைத் திட்டத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் இருந்தாலும், அவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கொடையாளி கிடைப்பதே பெரும்பாடாக இருக்க, முப்பிடாதிக்கு மட்டும் மூன்று பெரிய மனிதர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ரைஸ்மில் சிதம்பரபாண்டியன் ஒருவர், நகைக்கடை ராஜசுந்தரம் ஒருவர், அந்த ஊரில் பிறந்து அமெரிக்காவில் பல் பிடுங்குகிற டாக்டர் வெங்கிடுசுப்பு ஒருவர்.

பதிவாளர் சங்கரநயினார் விழா எடுத்தார். விழா எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கதவு அளவுக்கு அட்டையில் ஒரு செக் செய்து, அதை முப்பிடாதியின் கையில் கொடுத்து, கொடையாளிகளை இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்தார். படத்தில் அவளுடைய விரல்கள் பத்தும் இரண்டு ஓரங்களில் தெரிந்தன, கீழே செருப்பு தெரிந்தது, மற்றபடி செக்தான் தெரிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்த நேரத்தில்தான் ஒரு சங்கடம் வந்தது. அவளுக்கென்று இன்னொரு கவரும் வந்திருந்தது. உள்ளே பணம் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை.

“பேரு வேண்டாம்னா எதுக்குவே பணம் குடுக்காங்க?” என்று சங்கரநயினார் மேடைக்குப் பின்னால் எரிந்து விழுந்தார். “வாங்கி வச்ச பொன்னாடைய நான் யாருக்குப் போத்த?”

யாருக்கும் போர்த்த வழியில்லாத அந்தப் பொன்னாடையைக் கடைசியில் தம் ஆபீஸ் நாற்காலியின் முதுகில் போர்த்திவிட்டார். நாற்காலி ஏதோ பெரிய தர்மம் செய்ததுபோல அன்றிலிருந்து ஜரிகையோடு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் விடுதியில் பல் விளக்கப் போன முப்பிடாதியைப் பார்த்துவிட்டு, அறைத்தோழி செலஸ்டின் வாயிலிருந்த பேஸ்ட்டைத் துப்பவும் மறந்து நின்றாள். செலஸ்டின் கடற்கரை ஊர்க்காரி. நல்ல மனசு, ஆனால் ஓட்டை வாய். அவள் காதில் விழுந்தது ஊர் காதில் விழுந்த மாதிரி. பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவத்தோடு அடுத்தவர் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிறவள்.

“ஏட்டி, உன் கன்னத்துல என்னது? ‘உபயம், ஆ. சிதம்பரபாண்டியன், ரைஸ்மில்’னு எழுதியிருக்கு!”

நல்ல சிவப்பு எனாமல் எழுத்து, ஓரத்தில் கறுப்பு நிழல்கூட இருந்தது. சோப்புப் போட்டாலும் போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் போகவில்லை. சாயந்தரத்துக்குள் இடது கன்னத்தில் நகைக்கடையும் கழுத்தில் அமெரிக்காவும் முளைத்துவிட்டன. விடுதிக் காப்பாளர் அலர்ஜி என்று சொல்லித் தோல் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

“இது அலர்ஜி இல்லம்மா, எழுத்து. எழுத்துக்கு மருந்து கிடையாது” என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, “நான் ஏதாவது குடுத்தா எனக்கும் கையில வருமா?” என்று கேட்டார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே, ஒரு புது பஸ் ரூட்டைக்கூட அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக விடுதி வாசலுக்கு வந்து முப்பிடாதியை வாசித்துவிட்டுப் போனார்கள். பாலர் பள்ளி டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, “இது என்ன எழுத்து? சத்தமாச் சொல்லு” என்று கேட்டுப் பாடம் நடத்தினாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ரைஸ்மில்லுக்கு வழி கேட்டால், “அந்தா போகுதே ஒரு பிள்ள, அது மூஞ்சியில போட்டிருக்கு பாருங்க” என்றார்கள். கொடையாளியின் பெயர் ஊர் பார்க்காத இடத்தில் ஒருநாளும் முளைப்பதில்லை என்பதையும் பெண்கள் சீக்கிரமே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டார்கள். முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழே, அவ்வளவுதான். அவள் துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடினால் அமெரிக்காவிலிருந்து பதிவாளருக்கு போன் வந்தது. மழைக்குக் குடை பிடித்தால் ரைஸ்மில்லிலிருந்து ஆள் வந்து, “குடையக் கொஞ்சம் பின்னால சாச்சுப் பிடிம்மா” என்றான். நகைக்கடை ராஜசுந்தரம் ஒரு படி மேலே போய், பிள்ளை இன்னும் கொஞ்சம் நிறமாக இருந்தால் எழுத்து எடுப்பாக இருக்கும் என்று ஒரு பெட்டி பவுடர் அனுப்பிவைத்தார். முப்பிடாதி அதைக் கேரம்போர்டுக்குப் போட்டு விளையாடினாள்.

எழுத்து வந்ததில் அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. சாப்பாடு வந்தது, ஃபீஸ் கட்டியாயிற்று, புத்தகம் வந்தது. வாங்கினதை வாங்கினோம் என்று சொல்வதில் என்ன வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுத்து வளர ஆரம்பித்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

பாடம் நடந்துகொண்டிருக்கும், திடீரென்று வலது கன்னம் அரிக்கும், சொறிந்துவிட்டுப் பார்த்தால் ‘சிதம்பரபாண்டியன்’ ஒரு நூல் தடித்திருப்பார். அவள் படிப்பது புள்ளியியல் அல்லவா? எது எதோடு கூடுகிறது, எது எதோடு குறைகிறது என்று பார்ப்பதுதானே அந்தப் படிப்பு. விசாரித்துப் பார்த்தாள். கன்னம் அரித்த அதே நேரத்தில் ரைஸ்மில்காரர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், “நம்ம காசுலதான் அந்தப் பிள்ள படிக்குது” என்று சொல்லியிருந்தார். இடது கன்னம் அரித்தபோது ராஜசுந்தரம் கடையில் தோடு பார்க்க வந்தவர்களிடம் அதையே சொல்லியிருந்தார். அமெரிக்காக்காரர் சொல்வதோ இவள் படுத்துத் தூங்குகிற நேரத்துக்குத்தான். அந்த ஊர் விருந்தெல்லாம் அப்போதுதான் நடக்கிறதாம். ஆக, எழுத்தின் பருமன் கொடுத்த பணத்தைப் பொறுத்ததல்ல, கொடுத்ததைச் சொல்லிக்காட்டிய வாயைப் பொறுத்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். வன்னியூரில் இடது கைக்கு மைக் கொடுத்திருந்தார்கள்.

எழுத்து பெரிதாவது தெரிந்ததும் கொடையாளிகளுக்குள் போட்டி வந்தது. நெற்றி யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு நாளுக்கு நாள் முற்றி, சிதம்பரபாண்டியன் காதுகுத்து வீடுகளில் பேச, ராஜசுந்தரம் கடை வாசலில் குழாய் கட்டிப் பேச, டாக்டர் வெங்கிடுசுப்பு நோயாளியின் வாயில் கருவியை வைத்துக்கொண்டு அவன் பதில் சொல்ல முடியாத சமயமாகப் பார்த்துப் பேச, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூக்கைச் சுற்றி வளைந்து, இமையின் மேல் கொம்பு போட்டு, மோவாயில் சுழித்து, இரண்டாம் ஆண்டில் பாதி தாண்டுகிற காலத்தில் முப்பிடாதிக்கு முகம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. வகுப்பில் பேராசிரியர் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, கையைத் தூக்கியவளை ஏற இறங்கப் பார்த்து, “நீ உட்காரு ரைஸ்மில், நான் முப்பிடாதியைக் கூப்பிட்டேன்” என்றார். பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியவளைத் தாண்டிக்கொண்டு செல்லக்கனி அடுத்த பஸ்ஸைப் பார்க்கப் போனாள். “எம்மா!” என்று கூப்பிட்டதும் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவள். மகளின் முகத்தைப் பெருவிரலால் தடவித் தடவித் தேடினாள்.

“ஏளா, உன் மூஞ்சி எங்க?” என்று கேட்டாள்.

முப்பிடாதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீர்கூட நேராக இறங்க வழியில்லாமல் எழுத்து மேடுகளில் முட்டி முட்டித்தான் இறங்கியது.

அதைவிடப் பெரிய இடி கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்னால் விழுந்தது. ஹால் டிக்கெட்டில் இருக்கிற முகமும் வந்து நிற்கிற முகமும் பொருந்தினால்தான் தேர்வு எழுதலாம் என்பது விதி. போன பருவம் வரை ஒரு கண்ணும் பாதி உதடும் மிச்சமிருந்ததால் எப்படியோ சமாளித்தாகிவிட்டது. இந்த முறை வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். முப்பிடாதி பதிவாளரிடம் போய் நின்றாள்.

“சார், டிக்கெட்டுல இருக்கது நான்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

சங்கரநயினார் பொன்னாடை போர்த்திய நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நான் எப்படிம்மா சொல்ல முடியும்? எனக்கே உன்னைப் பார்த்தா மூணு பேரு தெரியுதாங்க. அவங்ககிட்டப் போயி, கொஞ்ச நாளைக்கு உன்னைப் பத்திப் பேசாம இருக்கச் சொல்லு. எழுத்து வத்தினா மூஞ்சி தெரியும். மூஞ்சி தெரிஞ்சா பரீட்சை. இல்லேன்னா ரெண்டு வருசப் படிப்பும் ஆத்துல போட்டதுதான்.”

போனாள். ரைஸ்மில்லில் சிதம்பரபாண்டியன் அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ஆசையாகத் தம் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, சொன்னதையெல்லாம் கேட்டுக் கண் கலங்கினார்.

“ஒரு வாரம் என்ன தாயி, ஒரு மாசம் வாயத் தொறக்க மாட்டேன். உன் படிப்பவிடவா எனக்குப் பேரு முக்கியம்?”

அவள் வாசல் தாண்டுவதற்குள் கன்னம் தீயாய் அரித்தது. மறுநாள் அவரே விடுதிக்கு வந்து பெருமையாகச் சொன்னார். “தாயி, நீ சொன்னபடியே செஞ்சுட்டேன். அந்தப் பிள்ளயப் படிக்க வைக்கது நான்தான்னு இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

நகைக்கடையில், “அவரு நிறுத்தட்டும், நான் நிறுத்துதேன்” என்றார்கள். அமெரிக்காவில் போனை எடுக்கவே இல்லை. நெற்றியில் மட்டும் புதிதாக ஒரு மாநிலத்தின் பெயர் சேர்ந்தது. அன்று முப்பிடாதி பஸ் ஸ்டாப்பில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பையன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான். எங்கேயோ பார்த்த பையன். கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவளோடு அதே மேடையில் உதவி வாங்கியவன், கையெல்லாம் ஒரு ஜவுளிக்கடையின் பெயரோடு திரிந்தவன். இப்போது கையில் ஒரு புள்ளிகூட இல்லை.

“உனக்கு எப்படிப் போச்சு?” என்று கேட்டாள்.

“நாலு பேப்பர் அரியரு, அக்கா” என்றான் அவன், சந்தோஷமா துக்கமா என்று தெரியாத குரலில். “என் மொதலாளிகிட்ட யாரோ என்னைப் பத்திக் கேட்டிருக்காங்க. எந்தப் பையன், எனக்குத் தெரியாதேன்னுட்டாரு. அன்னைக்கே பொரிஞ்சு உதுந்துட்டு.”

முப்பிடாதி விடுதிக்கு ஓடினாள். ஜெயித்தவளுக்கு மூன்று அப்பா, தோற்றவனுக்கு ஒருவரும் இல்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, உலகத்திலேயே ஒரு ரகசியத்தைச் சொல்லக் கூடாத ஆளிடம் சொன்னாள்.

“செலஸ்டினு, நான் இந்தத் தடவ மாடல் பரீட்சையில ஃபெயிலு. யார்கிட்டயும் சொல்லிராத.”

“பொய்யி சொல்லாத. நீயா ஃபெயிலு?”

“பொய்யிதான். ஆனா நீ மெய்யா நினைச்சுக்கிட்டுப் போ.”

செலஸ்டின் ஒரு நிமிஷம் யோசித்தாள். புரிந்ததும், மாதா கோயிலுக்குப் போகிறவள் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். மெஸ்ஸில் சொன்னாள், துணி தேய்க்கிற கடையில் சொன்னாள், ஜெராக்ஸ் கடையில் சொன்னாள், மூன்று இடத்திலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஊர் பார்த்துக்கொண்டது. முப்பிடாதி ஒரு பேப்பரில் ஃபெயில் என்று மெஸ்ஸிலிருந்து கிளம்பிய செய்தி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது எல்லாப் பேப்பரிலும் ஃபெயில் என்று வளர்ந்து, மார்க்கெட்டில் பிட் அடித்து மாட்டிக்கொண்டாள் என்று பருத்து, கோயில் வாசலில் பல்கலைக்கழகமே அவளை வெளியே தள்ளிவிட்டது என்று கொழுத்து, ரைஸ்மில்லுக்குள் நுழைகிற நேரத்தில் போலீஸ் ஜீப்போடு நுழைந்தது. நல்ல பேரைச் சுமக்க மூன்று பேர் வேண்டியிருந்தது, கெட்ட பேர் தன் காலாலேயே நடந்துபோனது.

“அந்தப் பொண்ணா?” என்றார் சிதம்பரபாண்டியன். “நம்ம மில்லுல உமி அள்ள வந்திருக்கும். எனக்குப் பழக்கமில்லைய்யா.”

விடுதியில் கண்ணாடி முன்னால் நின்றிருந்த முப்பிடாதியின் வலது கன்னத்தில் ‘பாண்டியன்’ விரிசல் விட்டது. அடுத்து ராஜசுந்தரத்தின் சுழிகள் சுருண்டன. பழைய சுவரில் காரை பெயர்கிற மாதிரி சில்லுச் சில்லாக எழுத்து உதிர, செலஸ்டின் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கூட்டினாள். ஆனாலும் முழுதாகப் போகவில்லை. வாயால் மறுத்தது வாயளவுக்குத்தான் உதிர்த்தது. அந்த மிச்சத்தையும் கொடையாளிகளே தீர்த்துவைத்தார்கள். வாய்ச்சொல் போதாது, நாளைக்கு யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டும் என்று பயந்து, மூன்று பேரும் தனித்தனியாக போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

‘எச்சரிக்கை! படத்தில் காணும் முப்பிடாதி என்பவருக்கும் எங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. இவரோடு வைத்துக்கொள்ளும் எந்தச் சகவாசத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல.’

கீழே அவரவர் பெயர், கடை, தெரு, கைப்பக்கம். வன்னியூர் சரித்திரத்திலேயே முதல்முறையாக, காசு கொடுத்தவர் படம் இல்லாமல் ஒரு போஸ்டர் வந்தது. படம் முழுக்க முப்பிடாதிதான். கொடைத் திட்டத்தில் சேரும்போது அவள் எடுத்துக் கொடுத்த படம், ஒரு எழுத்தும் முளைக்காத காலத்துப் படம், சுவர் அகலத்துக்குப் பெரிதாகி நின்றது.

அவள் டீக்கடைச் சுவருக்கு முன்னால் போய் நின்று தன்னைப் பார்த்தாள். மூக்கு கொஞ்சம் கூர், அம்மாவுடையது. இடது புருவம் வலது புருவத்தைவிட ஒரு இழை மேலே. இவள் இப்படியா இருந்தாள்? மறந்தே போயிருந்தது. ஊரே காறித் துப்பிவிட்டுப் போகிற சுவருக்கு முன்னால் நின்று அவள் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க மிச்சச் செதில்களும் கன்னத்திலிருந்து விழுந்தன.

தேர்வு அறை வாசலில் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அம்மா ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

“போம்மா” என்றார்.

அதைவிட மரியாதையான வார்த்தையை முப்பிடாதி வாழ்நாளில் கேட்டதில்லை.

ரிசல்ட் வந்தது. பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். பிட் அடித்தவள் எப்படி முதலிடம் வந்தாள் என்று ஊர் ஒரு நிமிஷம்கூடக் குழம்பவில்லை. “அன்னைக்கே தெரியும் நம்ம பிள்ள கெட்டிக்காரின்னு” என்றது. கொடையாளிகள்தான் பதறிப்போனார்கள். போஸ்டரைக் கிழித்து வரும்படி ஆட்களைக் கொத்துக்கரண்டியோடு விரட்டினார்கள். கிழிக்கப் போனவர்கள் முதலாளியின் பெயர்தான் முதலில் போக வேண்டும் என்று கீழேயிருந்து ஆரம்பித்து, பெயரைச் சுரண்டி, கடையைச் சுரண்டி, ‘தொடர்பும் கிடையாது’ என்பதைச் சுரண்டி மேலே வருவதற்குள் கரண்டி மழுங்கிவிட்டது. மைதாப் பசையை நன்றாகவே காய்ச்சியிருந்தார்கள். கடைசியில் ஊர்ச் சுவர்களில் எழுத்து ஒன்றும் இல்லை. முப்பிடாதியின் முகம் மட்டும் மிச்சமிருந்தது.

பட்டமளிப்பு விழாவில் சங்கரநயினார் வழக்கம்போல மைக்கைக் கொடையாளிகளிடம் கொடுத்தார். சிதம்பரபாண்டியன் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“இந்தப் பிள்ள இன்னைக்கு இந்த எடத்துல நிக்குதுன்னா, அதுக்குக் காரணம்...” என்று சொல்லிவிட்டு நிறுத்தி, ஓரக்கண்ணால் அவள் கன்னத்தைப் பார்த்தார். கூட்டமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒன்றும் முளைக்கவில்லை. “காரணம், யாருன்னா...” என்று சத்தத்தைக் கூட்டினார். மைக் கீச்சென்று கத்தியது, கன்னம் சும்மா இருந்தது. நகைக்கடை பேசிப் பார்த்தது. பெரிய திரையில் அமெரிக்கா தெரிந்து, வாயை அசைத்து, பல்லைக் காட்டி மறைந்தது. முப்பிடாதியின் முகத்தில் வேர்வையைத் தவிர ஒன்றும் வரவில்லை.

“துப்புன எச்சிய முழுங்க முடியுமாவே?” என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார்கள். கொடையாளிகளும் அதற்காக ஓய்ந்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகளின் கன்னங்களை அப்போதே நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழா முடிந்து அறைக்கு வந்ததும் முப்பிடாதி கட்டிலில் உட்கார்ந்தாள். செலஸ்டின் பின்னால் உட்கார்ந்து அவள் தலையில் வாடிப்போன மல்லிகையை எடுத்து, பின்னலை அவிழ்த்தாள். இடது காதுக்குப் பின்னால், முடி மூடுகிற இடத்தில், அவள் சீப்பு நின்றது.

“ஏட்டி, அசையாத. இங்கன ஒண்ணு உதுராம இருக்கு.”

“என்ன இருக்கு?”

“பேரு. எறும்பு மாதிரி, இத்துனூண்டு எழுத்து. ரொம்ப நாளா இருக்குபோல, தழும்பு கணக்கா ஒட்டிப்போயிருக்கு. ‘உபயம்’னு எல்லாம் இல்ல. வெறும் பேருதான்.”

முப்பிடாதிக்கு அந்தக் கவர் ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாததால் வளராத பெயர். ஊரே காறித் துப்பின நாளிலும் யாரிடமும் மறுக்காததால் உதிராத பெயர். யார்? அவளுக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் அந்தக் காலில் விழ வேண்டும், அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும், ஒரு வேளையாவது கையால் சமைத்துப் போட வேண்டும். செலஸ்டின் வெளிச்சத்துக்காகக் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, வாசிக்க வாயைத் திறந்தாள்.

“வேண்டாம்!” என்றாள் முப்பிடாதி. “சொன்னா வளந்துரும்.”

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஆனால் கண் அதற்குள் வாசித்துவிட்டிருந்தது. செலஸ்டின் அப்படிப் பேசாமலிருந்து முப்பிடாதி பார்த்ததே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் பின்னாலிருந்து கேட்டது. பிறகு முடியை இழுத்து அந்த இடத்தை மூடிப் பின்னலைப் போட்டாள்.

அதற்கப்புறம் எவ்வளவோ காலம் போய்விட்டது. முப்பிடாதி வேறொரு ஊரில் பேராசிரியை. யாருக்கோ ஃபீஸ் கட்டுகிறாள், யாருக்கு என்பது வீட்டிலும் தெரியாது. செலஸ்டினுக்கும் முடி நரைத்துவிட்டது. கடற்கரை ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து பங்குச் சாமியார் எதற்காக மாற்றலானார் என்பது வரை அவள் சொல்லாத சங்கதி ஒன்றும் பாக்கியில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அந்த ஒரு பெயரைத் தவிர. அது இன்னும் எறும்பு அளவுக்குத்தான் இருக்கிறது.